அளவுகோலை அளந்த கதை

எங்கள் வீட்டுப் பரணில் என் பாட்டனார் காலத்துக் கெஜக்கோல் ஒன்று நெடுநாளாகக் கிடந்தது. கருங்காலி மரத்தாலானது, இரு முனைகளிலும் பித்தளைப் பூண் இட்டது. ஜவுளி வியாபாரத்தில் அக்கோல் அளந்த துணிக்குக் கணக்கில்லை. பௌதிக சாஸ்திரம் படிக்கும் என் பேரன் ஒருநாள் அதனை இறக்கித் துடைத்து, தன் உருக்கு நாடாவை அதன்மேல் நீட்டிப் பார்த்து, “தாத்தா, இது கால் அங்குலம் குறைகிறதே!” என்றான். பாட்டனார்மேல் பழி வரலாகாதென்ற பதைப்பில், “உன் நாடா சரியானது என்பதற்கு யார் சாட்சி?” என்று கேட்டுவிட்டேன். அவனால் விடை சொல்ல இயலவில்லை. கேட்ட எனக்கும் விடை தெரியாதென்பது பிறகுதான் எனக்கே புலப்பட்டது.

பொருளைக் கோலால் அளக்கிறோம். கோலை எதனால் அளப்பது? இவ்வினா விளையாட்டு வினாவன்று. இதற்கு விடை தேடுவதிலேயே ஆயுளைக் கழித்த ஒருவர் வேலையைத் தொடங்கியது நம்முடைய பரங்கிமலையின் அடியில். அவருக்குப் பெரும் விபத்து நேர்ந்தது தஞ்சைப் பெருங்கோயிலில். நம் குடும்பத்துப் பிள்ளைகள் அளவைகளைக் குறித்துப் புத்தகத்தில் படிப்பவற்றையெல்லாம் இந்த ஒரு வரலாறு கண்ணெதிரே நிறுத்துமாதலின், அதனை இங்கே எழுதத் துணிந்தேன்.

1799ஆம் ஆண்டில் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின், கும்பினியாரின் கைக்குப் பெருநிலப்பரப்பு வந்து சேர்ந்தது. அந்நிலத்துக்குச் சரியான படம் இல்லை. அப்போரில் கலந்துகொண்ட வில்லியம் லாம்டன் என்னும் இராணுவ உத்தியோகஸ்தர், தென்னாட்டைக் கடற்கரை முதல் கடற்கரை வரையில் முக்கோணங்களால் அளந்து படமெழுதவும், அதனோடு பூமியுருண்டையின் வடிவத்தையே அறியவும் ஒரு திட்டம் வகுத்துச் சென்னை அரசாங்கத்தாரிடம் விண்ணப்பித்தார். செலவைக் கண்டு முகஞ்சுளித்தவர்களும் இருந்தனர். ஸ்ரீரங்கப்பட்டணம் போக விரும்பும் பிரயாணி தன் பல்லக்குத் தூக்கியிடம் சொன்னால் போதும், அவன் படமில்லாமலே கொண்டுபோய் விடுவான் என்று நிதிக்குழுவைச் சேர்ந்த ஒருவர் கேலி பேசினாராம். பல்லக்குத் தூக்குபவனுக்கு வழி தெரியும் என்பதில் ஐயமில்லை. வழி தெரிவது வேறு, தூரம் தெரிவது வேறு என்பது அக்கனவானுக்குத் தோன்றவில்லை.

முக்கோண அளவையின் உபாயம் எளிது. தரையில் ஒரே ஒரு நேர்கோட்டை மட்டும் கையால் அளக்க வேண்டும். அதன் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள ஒரு குன்றையோ கோபுரத்தையோ நோக்கி, கோணங்களைக் குறித்துக்கொண்டால், மற்ற இரு பக்கங்களின் நீளமும் கணக்கினாலேயே கிடைத்துவிடும். அப்பக்கங்களைக் கொண்டு அடுத்த முக்கோணம். அதைக் கொண்டு அதற்கடுத்தது. காடும் ஆறும் குறுக்கிட்டாலும் கவலையில்லை. ஆனால் முதற்கோட்டில் பிழை புகுந்தால், அது பின்வரும் முக்கோணமொவ்வொன்றிலும் உடன் செல்லும். ஆதலின் அந்த முதற்கோட்டை, அடிக்கோடு என்று நாம் சொல்லக்கூடிய அதனை, எவ்வளவு கவனமாக அளந்தாலும் தகும்.

லாம்டன் அதனை 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் தேதி தொடங்கி மே 22ஆம் தேதி முடித்தார். பரங்கிமலையிலிருந்து தெற்கே பெரும்பாக்கம் வரையில் ஏழரை மைல் தூரம். ஏழரை மைலை நடந்து கடக்க இரண்டரை மணி நேரம் போதும். அளக்க அவருக்கு ஆறு வாரம் பிடித்தது. அவர் கையாண்டது லண்டனில் ராம்ஸ்டன் என்னும் பேர்பெற்ற தொழிலாளர் செய்த உருக்குச் சங்கிலி. இரண்டரை அடி நீளமுள்ள 40 கண்ணிகள் சேர்ந்து 100 அடி நீளம். இச்சங்கிலி முதலில் நம் நாட்டுக்கென்று செய்யப்பட்டதன்று. 1793ஆம் ஆண்டில் மக்கார்ட்னி பிரபுவின் தூதுக்கூட்டத்தார் சீனச் சக்கரவர்த்திக்குக் காணிக்கையாகக் கொண்டுசென்ற கருவிகளுள் ஒன்று அது. சக்கரவர்த்தி வேண்டாமென்று மறுத்துவிடவே, கல்கத்தாவுக்கு வந்து விலையாகி, அங்கிருந்து லாம்டனிடம் சேர்ந்தது.

சங்கிலியை வெறுந்தரையில் இழுத்துப்போட்டு அளந்தால் மேடுபள்ளம் நீளத்தைக் கூட்டிக் காட்டும். நடுவில் தொய்ந்தாலும் அப்படியே. ஆகையால் முக்காலிகளின்மேல் மரப்பெட்டிகளை வரிசையாக மட்டம் பார்த்து அமைத்து, அவற்றுக்குள் சங்கிலியைக் கிடத்தி, ஒரு முனையில் எடை கட்டி ஒரே அளவான இழுப்பில் நிறுத்தினர். இவையெல்லாம் கொத்தனார் வேலை அறிந்தவர்க்கும் விளங்கும். விளங்காதது பெட்டிக்குள் வைத்திருந்த உஷ்ணமானிகள். நீளம் அளக்கும் வேலையில் உஷ்ணமானிக்கு என்ன இடம்?

உருக்கு வெப்பத்தால் நீளும். வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை ஏற்றும் கருமார் அறியாத சங்கதியன்று இது. காய்ச்சிய பட்டையை மாட்டி நீரூற்றிக் குளிரவைத்தால் அது இறுகிச் சக்கரத்தைக் கவ்விக்கொள்கிறது. நூறடிச் சங்கிலி ஒரு பாரன்ஹீட் பாகை வெப்பம் ஏறினால் ஏறக்குறைய ஓர் அங்குலத்தில் 130ல் ஒரு பங்கு நீளும். இதற்கா இத்தனை பாடு என்று தோன்றலாம். சென்னைச் சித்திரை வெயிலில் விடியற்காலைக்கும் நடுப்பகலுக்கும் 30 பாகை வேறுபாடு இருக்குமாயின், ஒரு சங்கிலிக்குக் கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. ஏழரை மைலுக்குச் சங்கிலியை 400 முறை நீட்ட வேண்டுமாகையால், மொத்தத்தில் ஏழரை அடிக்கு மேல். காலையில் அளந்தவனும் நண்பகலில் அளந்தவனும் இருவரும் யோக்கியர்களாயிருந்தும், ஒருவனையொருவன் பொய்யன் என்று சொல்ல நேரும். லாம்டன் உஷ்ணமானி காட்டியதைக் குறித்துக்கொண்டு, நீட்டிப்பைக் கணக்கில் சரிக்கட்டினார். அதுவன்றி, இழுபட்டுத் தேயும் சங்கிலியை, பத்திரமாக வைத்திருந்த வேறொரு சங்கிலியோடு ஒப்பிட்டும் பார்த்துக்கொண்டார். கோலை எதனால் அளப்பது என்னும் வினாவுக்கு அவர் கண்ட முதல் விடை இது: கோலின் குற்றத்தை முன்னதாக அறிந்து, எழுதி வைத்துக்கொண்டு அளப்பது.

கோணங்களை அளக்கும் கருவி தியோடலைட் எனப்படும். தொலைநோக்கி ஒன்றைப் பாகை வகுத்த வட்டத்தகட்டின்மேல் சுழலும்படி அமைத்தது. லண்டனில் கேரி என்பவர் செய்த இக்கருவியின் வட்டம் மூன்றடி விட்டமுள்ளது. நிறை சுமார் அரை டன். வரும் வழியில் கப்பல் பிரெஞ்சுக்காரர் கையில் அகப்பட்டு, கருவி மொரீஷியஸ் தீவுக்குப் போய்விட்டது. இரு தேசத்தாருக்கும் போர் நடந்த காலம். எனினும் இஃது இன்ன காரியத்துக்கென்று அறிந்த பிரெஞ்சு அதிகாரிகள், மரியாதையான கடிதத்தோடு அதனைச் சென்னைக்கே அனுப்பி வைத்தனர்.

இக்கருவிக்கு ஏன் இத்தனை பருமன் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு பாகையில் 60ல் ஒன்று கலை. கலையில் 60ல் ஒன்று விகலை. ஒரு விகலை கோணம் பிழைத்தால் 30 மைல் தூரத்தில் ஒன்பது அங்குலம் இடம் தவறும். அத்துணை நுண்ணிய பிரிவை வகுக்க வட்டம் பெரிதாயிருக்கவேண்டும். பெரிய வட்டம் வளையாதிருக்கக் கனமும் வேண்டும்.

சென்னையிலிருந்து முக்கோணங்கள் மேற்கே நடந்தன. 1804ஆம் ஆண்டில் பெங்களூரருகே மற்றோர் அடிக்கோட்டைச் சங்கிலியால் நேராக அளந்து, சென்னையிலிருந்து கணக்கினால் வந்த நீளத்தோடு ஒப்பிட்டனர். ஏழரை மைல் தூரத்தில் வித்தியாசம் 3.7 அங்குலம்! மங்களூர்க் கரையை எட்டியபோது, பழைய படங்களில் 400 மைல் என்று கண்டிருந்த தென்னாட்டின் அகலம் 360 மைலே என்று தெரிந்தது. நாற்பது மைல் அகலத்துக்கு இல்லாத பூமி அதுவரையில் காகிதத்தில் இருந்துவந்தது.

பிறகு தெற்கு நோக்கி வந்தவர்கள் காவிரி பாயும் சமவெளியில் திகைத்து நின்றனர். குன்றுகள் இல்லை, எங்கும் தென்னையும் வயலும். தொலைவைக் காட்டக்கூடிய உயரம் கோயில்களுக்கே இருந்தது. ஆகவே கோபுரங்களின்மேல் கருவியை ஏற்றலாயினர். 1808ஆம் ஆண்டில் தஞ்சைப் பெருங்கோயிலுக்கும் அவ்வாறே வந்தனர்.

இங்கே கதையைச் சற்று நிறுத்திச் சொல்லவேண்டிய ஒன்று உண்டு. 1010ஆம் ஆண்டில் முடிந்த அக்கோயிலின் சுவர்களில், இராஜராஜ சோழன் காலத்தில் நிலங்களை அளந்த கணக்கு வெட்டப்பட்டிருக்கின்றது. எண்சுவடி படித்த நம் முன்னோர்க்கு முந்திரி என்றால் 320ல் ஒன்று. கீழ்முந்திரி என்றால் அதனிலும் 320ல் ஒன்று. அவ்வாறு கீழ் கீழாக இறங்கி, ஒரு வேலியில் 5,242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்கு வரையில் அக்காலத்துக் கணக்கு சென்றிருக்கின்றது. இதனைப் படிக்கும்போது பெருமிதம் உண்டாகாமலிராது; எனக்கும் உண்டாயிற்று. பிறகு காகிதமும் பென்சிலும் எடுத்துக் கணக்கிட்டுப் பார்த்தேன். பிற்காலத்து வழக்கப்படி வேலியை ஆறரை ஏக்கர் என்று கொண்டால், அப்பங்கு சுமார் அரைச் சதுர மில்லிமீட்டர்; ஒரு கடுகு அதனை மூடிவிடும்! அளவுகோல் பிடித்த எவனும் அவ்விடத்தை அளந்திருக்க முடியாது. பின்னத்தைப் பின்னத்தால் பெருக்கக் கணக்கர் ஓலையில் விளைந்த எண் அது. கணக்கு பிழையற்றது, கணக்கரின் நாணயமும் வியக்கத்தக்கது. ஆயினும் கணக்கின் நுண்மை வேறு, அளவையின் நுண்மை வேறு. கோல் காட்டாத நுண்மையை எழுத்தாணி காட்டிவிடும். இன்றும் பரீட்சையில் பிள்ளைகள் அங்குலக்கோலால் அளந்து, வகுத்துவந்த விடையை ஆறு தசமஸ்தானம் வரையில் எழுதி மார்க்கு இழக்கிறார்கள். பழைய ஊர்க்கணக்கர்கள் துணைக்கு இருக்கிறார்களென்று அவர்கள் ஆறுதல் கொள்ளலாம்.

அத்தகைய கணக்கு எழுதிய கோயிலின் உச்சிக்கு அரை டன் கருவியைக் கயிறு கட்டி ஏற்றினர். பாதி வழியில் கயிறு அறுந்தது. கருவி ஆடிச்சென்று கட்டடத்தில் மோதிற்று. பெட்டி அதனைக் காக்கவில்லை. பாகை வகுத்த பெருவட்டம் நெளிந்து வடிவு கெட்டது.

அதற்கு மாற்று இந்தியாவில் இல்லை; லண்டனிலிருந்து புதிது வர ஆண்டுக்கணக்காகும். அப்போது லாம்டனுக்கு வயது ஐம்பதைக் கடந்துவிட்டது. அவர் தம் உதவியாளரை அனுப்பிவிட்டுத் தனித்திருந்து, கருவியைத் திருகு திருகாகப் பிரித்தார். பெரிய சமதளப் பலகையொன்றில் வட்டம் முன்பிருந்த அளவுக்குச் சரியாக ஒரு வட்டத்தைச் செதுக்கினார். நெளிந்த வட்டத்தை அதற்குள் வைத்து, ஆப்பும் திருகும் கப்பியும் கொண்டு சிறிது சிறிதாக வெளியே இழுத்து இழுத்துப் பொருத்தினார். ஆறு வாரங்களில் கருவி ஏறத்தாழப் பழைய வடிவுக்கு வந்தது. அதனைக் கொண்டே குமரிமுனை வரையில் அளந்து, பின் வடக்கே திரும்பி, 1823ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் தேதி ஹிங்கன்காட் என்னும் ஊரில் வேலைமீதே உயிர் நீத்தார்.

“ஏறத்தாழ” என்று எழுதினேன். விஷயம் அந்தச் சொல்லில்தான் இருக்கின்றது. ஒருமுறை வளைந்து நிமிர்த்த வட்டம் காட்டும் கோணத்தை எவ்வளவு நம்பலாம்? அதற்கும் வழி இருந்தது. ஒரே கோணத்தை வட்டத்தின் ஒரு பகுதியால் மட்டும் பாராமல், வட்டத்தைத் திருப்பித் திருப்பி வெவ்வேறு பகுதிகளால் பார்த்துச் சராசரி எடுத்தால், ஓரிடத்துக் குற்றத்தை மற்றோரிடத்துக் குற்றம் பெரும்பாலும் ஈடுசெய்யும். முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்து, பூமியின் வளைவுக்குரிய சிறு மிகுதி போக, 180 பாகை ஆகவேண்டும். ஆகாவிடில் கருவி தன் பிழையைத் தானே ஒப்புக்கொள்கிறது.

லாம்டனுக்குப் பின் வந்த ஜார்ஜ் எவரெஸ்ட், தலைமை பெறுமுன் 1820ஆம் ஆண்டளவில், கிருஷ்ணை கோதாவரிக் காடுகளில் அளக்கச் சென்றார். அப்போது காய்ச்சலால் அவரே சாகக்கிடந்தார். கூடச்சென்ற சிப்பந்திகள் பலர் மாண்டனர். கருவியைத் தோளில் சுமந்தவர்களும், குன்றின்மேல் கொடி பிடித்து நின்றவர்களும் பெரும்பாலும் நம் நாட்டு ஏழைகள். அவர்கள் பெயர்கள் எந்த அறிக்கையிலும் வரிசையாக எழுதப்படவில்லை. எவரெஸ்டின் பெயரோ உலகிலேயே உயர்ந்த சிகரத்துக்குக் கிடைத்தது!

எவரெஸ்ட் பழைய கருவிகளின்மேல் அதிருப்தி கொண்டு சங்கிலியைத் தள்ளிவிட்டார். அதற்குப் பதிலாக 1830ஆம் ஆண்டில் கொண்டுவந்தது இரட்டைக்கோல்: பித்தளையும் இரும்பும் பக்கத்தில் பக்கமாக இணைந்தது. பித்தளை அதிகமாகவும் இரும்பு குறைவாகவும் நீளுமாதலால், அவ்விரண்டின் வேறுபாட்டையே துணையாகக் கொண்டு, வெப்பம் எவ்வளவு மாறினும் இரு புள்ளிகளுக்கிடையேயுள்ள தூரம் மாறாதபடி அதனை அமைத்திருந்தனர். தஞ்சையில் அடிபட்ட தியோடலைட்டை ஹென்றி பாரோ என்னும் ஆங்கிலேயர் புதுப்பித்தார். பாரோவுக்குப்பின் அளவைத் துறையின் கருவித் தொழிலாளர் பதவிக்கு வந்தவர் நம் ஆர்க்காட்டில் பிறந்த சையத் மீர் மொஹ்சின் ஹுசேன். நுண்ணிய வட்டங்களுக்குப் பாகை வகுப்பதில் அவர் திறமையை எவரெஸ்ட் மனமாரப் பாராட்டியிருக்கிறார். அக்கருவி இன்று தேஹ்ராதூனில் இருக்கின்றது.

குமரியிலிருந்து இமயத்தின் அடிவரையில் ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர் நீளமுள்ள அவ்வளவை முடிந்தபோது, வடகோடியில் ஒரு முரண்பாடு தலைகாட்டியது. கல்யாணா, கல்யாண்பூர் என்னும் இரண்டு இடங்களுக்கிடையே முக்கோணங்களால் கண்ட தூரத்துக்கும், விண்மீன்களை நோக்கிக் கண்ட தூரத்துக்கும் ஐந்து விகலைக்குச் சற்று மிகுந்த வித்தியாசம். தரையில் சுமார் 160 மீட்டர். மறைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திராது. மறைக்கவில்லை. கல்கத்தாவிலிருந்த பிராட் என்னும் பாதிரியார், இமயமலையின் பருமன் தூக்குக்குண்டைத் தன்பால் இழுப்பதால் இது நேர்ந்திருக்குமென்று 1855ஆம் ஆண்டில் கணக்கிட்டார். கணக்கோ சுமார் 16 விகலை இழுப்பு இருக்கவேண்டுமென்று காட்டிற்று. கண்டது அதில் மூன்றிலொரு பங்கு. மலை ஏன் தன் பருமனுக்கேற்ப இழுக்கவில்லை? அதே ஆண்டில் ஏரி என்னும் வான சாஸ்திரி அதற்குக் காரணம் கூறினார்: மலைகளுக்குக் கீழே எடை குறைந்த பாறை வேர்போல் ஆழ இறங்கியிருக்கிறது, கட்டை நீரில் மிதப்பதுபோல் மலை பூமிக்குள் மிதக்கிறது. ஐந்து விகலைப் பிழையை ஒளிக்காமல் எழுதி வைத்ததிலிருந்து மலைகளுக்கு வேர் உண்டென்பது வெளிப்பட்டது.

இனி, பேரனிடம் நான் கேட்ட சாட்சிக்கு வருவோம். இங்கிலாந்தின் மூலக்கஜம் 1834ஆம் ஆண்டில் பார்லிமெண்டு மாளிகை தீப்பற்றியபோது கெட்டுப்போயிற்று. அது கெட்டால், வினாடிக்கு ஒருமுறை ஆடும் ஊசலின் நீளத்திலிருந்து மீட்டுக்கொள்ளலாமென்று 1824ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்திருந்தார்கள். மீட்கப் போனபோது அவ்வழி நம்பத்தகாததென்று கண்டு, முன்பு மூலத்தோடு ஒப்பிட்டு வைத்திருந்த பிரதிகளைத் தேடிப் பிடித்துத்தான் புதிய கஜம் செய்தனர். பிரெஞ்சுக்காரர் பூமியின் சுற்றளவிலிருந்தே மீட்டரைப் பெறுவோமென்று அளந்து 1799ஆம் ஆண்டில் பிளாட்டினக் கோல் செய்துவைத்தனர். அதுவும் தாங்கள் விதித்தபடிக்கு 0.2 மில்லிமீட்டர் குறைவாயிருந்தது பிற்பாடு தெரிந்தது. கோலைத் திருத்தவில்லை. ஊரெல்லாம் அதன் பிரதிகள் பரவிவிட்டன. ஒப்பிட்டவர்கள் ஒத்துக்கொண்டதே பிரமாணமாய் நின்றது. பாரிஸிலிருந்த மூலக்கிலோவும் அதன் பிரதிகளும் நூறாண்டில் சுமார் 50 மைக்ரோகிராம் வேறுபட்டன. எது கூடியது, எது குறைந்தது என்று சொல்ல யாராலும் முடியவில்லை. ஆதலின் உலோகத்தை நம்புவதையே விட்டு, 1983ஆம் ஆண்டில் மீட்டரை ஒளி ஒரு வினாடியில் 29,97,92,458ல் ஒரு பங்கு நேரத்தில் செல்லும் தூரமென்று வகுத்தனர். 2019ஆம் ஆண்டு மே 20ஆம் தேதி முதல் கிலோவும் உலோகத்தைவிட்டு இயற்கையின் மாறாத எண்ணொன்றைப் பற்றிக்கொண்டது. நம் நாட்டில் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1958ஆம் ஆண்டு அக்டோபர் முதல் வீசையும் பலமும் படிப்படியாக விலகி, இம்முறை வந்ததை நம்மில் வயதானவர்கள் நேரிலேயே கண்டனர். அப்பொழுது கடைக்குக் கடை பழைய கல்லும் புதிய கல்லும் பக்கத்தில் பக்கமாக இருந்ததும், வீசைக்கு எத்தனை கிராம் என்று வாங்குவோரும் விற்போரும் வாதாடியதும் நினைவிருக்கும்.

இவற்றையெல்லாம் பேரனுக்குச் சொன்னேன். அவனுடைய நாடாவை அதைச் செய்த தொழிற்சாலையின் கோலும், அக்கோலை அதனினும் சிறந்ததொரு கோலும் சோதித்திருக்கும். அவ்வரிசை டில்லியிலுள்ள தேசிய பௌதிக ஆராய்ச்சிச்சாலை வரையில் சென்று, அங்கே ஒளியிடம் போய் நிற்கும். அவன் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கெஜக்கோலைத் திருப்பி, அதன் பின்புறத்தில், குறைவு இவ்வளவு என்று மில்லிமீட்டரில் எழுதித் தேதியும் இட்டான். உஷ்ணநிலையை எழுத மறந்துவிட்டான், நான்தான் நினைவூட்டினேன்.